கேரி எக்லிப்ஸ் ஒளிர்வு நிறமாலைமானி: புரதப் பிணைப்பை அளக்க இது ஒன்று போதுமா?

ஒரு சேர்மம் ஒரு புரதத்தோடு பிணைகிறதா, பிணைந்தால் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்னும் கேள்விக்கு விடை தேடும் உயிர்வேதியியல் ஆய்வகங்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது ஒளிர்வு நிறமாலைமானியைத்தான். சிறிதளவு புரதம் போதும், அடையாளச் சாயம் எதையும் ஒட்ட வேண்டியதில்லை, ஒரு முற்பகலுக்குள் முழு அளவீட்டையும் முடித்துவிடலாம் என்பன அதற்குக் காரணங்கள். இந்த வகைக் கருவிகளுள் பல்கலைக்கழகக் கருவி மையங்களில் அடிக்கடி காணக்கூடியது அஜிலென்ட் நிறுவனத்தின் கேரி எக்லிப்ஸ். முன்பு வேரியன் நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்த இது, 2010-இல் வேரியனை அஜிலென்ட் வாங்கியபோது கைமாறியது; ஆகையால் பழைய கருவிகளின் முகப்பில் இன்னும் வேரியன் என்ற பெயரே இருக்கும். இக்கருவியால் செய்யக்கூடிய அனைத்தையும் நான் இங்கு மதிப்பிடப் போவதில்லை. இரத்தத்தில் மிகுதியாக உள்ள சீரம் அல்புமின் போன்ற ஒரு புரதத்தோடு சிறு மூலக்கூறு ஒன்று பிணைவதை அளக்கும் வேலைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஒளியை அளப்பதில் இதன்மேல் சொல்லக்கூடிய குறைகள் சிலவே. ஆனால் அளந்த ஒளி ஏன் குறைந்தது என்பதை இது சொல்வதில்லை, அதை அறிய இதன் பக்கத்திலேயே இன்னொரு கருவி இருந்தாக வேண்டும் என்பது என் முடிவு.

அளவீட்டின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. புரதங்களில் இயல்பாகவே ஒளிரும் அமினோ அமிலங்கள் டிரிப்டோஃபன், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய மூன்றும்தான் என்பதை டீலும் கிரெகோரியோ வெபரும் 1957-இல் முறையாக அளந்து காட்டினர். 280 நானோமீட்டர் ஒளியில் டிரிப்டோஃபனும் டைரோசினும் சேர்ந்து கிளர்வுறும். 295 நானோமீட்டருக்குச் சென்றால் ஏறத்தாழ டிரிப்டோஃபன் மட்டுமே கிளர்வுறும். மனித சீரம் அல்புமினில் உள்ள 585 அமினோ அமிலங்களுள் டிரிப்டோஃபன் ஒன்றே ஒன்றுதான், 214-ஆம் இடத்தில் இருக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் பிணையும் இடமும், அதாவது சட்லோவும் அவருடைய குழுவினரும் வகுத்த முதல் தளமும், அதே துணைப்பகுதியில்தான் அமைந்துள்ளது. எனவே முதல் தளத்தில் ஒரு மருந்து வந்து அமர்ந்தால் 340 நானோமீட்டர் அருகிலுள்ள உமிழ்வு குறைவது இயல்பு. ஐபுப்ரோஃபன் அமரும் இரண்டாம் தளமோ டிரிப்டோஃபனிலிருந்து தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு மூலக்கூறு மிக இறுக்கமாகப் பிணைந்தாலும் டிரிப்டோஃபனின் ஒளிர்வு பெரிதாக மாறாமல் போகலாம். ஆதலால் ஒளிர்வு மாறாததைக் கண்டு பிணைப்பே இல்லை என்று எழுதுவது, எந்தக் கருவியைக் கையாண்டாலும் பிழையாகவே முடியும். மாட்டு சீரம் அல்புமினில் 134, 213 ஆகிய இடங்களில் இரண்டு டிரிப்டோஃபன்கள் இருப்பதால், அங்கு கிடைக்கும் குறைவு இரண்டு வெவ்வேறு சூழல்களின் கலவை. விலை மலிவு என்பதற்காக மாட்டுப் புரதத்தில் அளந்துவிட்டு மனித உடலைப் பற்றி முடிவு சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு நெருடும்.

இனி கருவிக்கு வருவோம். கேரி எக்லிப்ஸை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவது அதன் விளக்கு. பெரும்பாலான நிறமாலைமானிகளில் 150 வாட் செனான் விளக்கு ஒன்று இடைவிடாது எரிந்துகொண்டிருக்கும். இதிலோ செனான் விளக்கு விநாடிக்கு 80 முறை, சில மைக்ரோவிநாடிகளே நீடிக்கும் தெறிப்புகளாக ஒளிர்கிறது, அதுவும் அளவீடு நடக்கும்போது மட்டும். இதனால் பிணைப்பு அளவீட்டுக்குக் கிடைக்கும் பெரிய நன்மை, புரதம் புறஊதா ஒளியில் வெந்து கெடுவது குறைகிறது என்பதுதான். டிரிப்டோஃபன் தொடர்ந்து புறஊதா ஒளி பட்டால் வேதிமாற்றம் அடைந்து ஒளிர்வை இழக்கும் மூலக்கூறு. தொடர் விளக்குள்ள கருவியில் அளவீடுகளுக்கு இடையே விளக்கொளியை மறைக்கும் ஷட்டரை மூட மறந்தால், சேர்மம் எதையும் சேர்க்காமலேயே ஒளிர்வு சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவும் வரைபடத்தில் தணிப்பு, அதாவது சேர்மத்தால் வந்த ஒளிர்வுக் குறைவு, என்றே தோன்றும். இங்கு அந்த அபாயம் வெகுவாகக் குறைவு. விளக்கு சூடாகி நிலைப்படும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தொடர்ந்து எரியும் செனான் விளக்கை மணிக்கணக்குப் பார்த்து மாற்றியே ஆக வேண்டும். இந்த விளக்கோ பொதுப் பயன்பாட்டில் உள்ள மையங்களில்கூட ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

தெறிப்பு விளக்கால் கிடைக்கும் இன்னொரு வசதியைப் பயன்படுத்திப் பார்த்தவர்களே முழுமையாக உணர்வார்கள். இரண்டு தெறிப்புகளுக்கு இடையிலுள்ள ஒளியைக் கருவி அளந்து கழித்துவிடுவதால், அறையின் வெளிச்சம் அளவீட்டைப் பாதிப்பதில்லை. மாதிரி அறையின் மூடியைத் திறந்து வைத்தபடியே பிப்பெட்டால் சேர்மத்தைச் சேர்த்து, கலக்கி, அப்படியே அளக்கலாம். சேர்மத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் அளக்கும் தரம்பார்த்தலில் பத்துப் பதினைந்து முறை சேர்க்க வேண்டியிருக்கும்போது, கரைசல் உள்ள கண்ணாடிப் பெட்டியான குவெட்டை ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப வைக்கும் வேலை இல்லாமல் போகிறது. குவெட்டின் முகம் சற்றே திரும்பினாலும் ஓரிரு விழுக்காடு மாறிவிடும் அளவீட்டில், அதைத் தொடாமலிருப்பது பெரிய உதவி.

ஒளிக்கற்றை கிடைமட்டமாக அமைந்திருப்பதும் பாராட்டத்தக்கது. மற்றக் கருவிகள் பலவற்றில் நெட்டுக்குத்தான ஒளிப்பட்டை விழுவதால் குவெட்டைப் பாதிக்கு மேலாவது நிரப்ப வேண்டும். இதில் வழக்கமான 10 மில்லிமீட்டர் குவெட்டிலேயே அரை மில்லிலிட்டர் கரைசல் போதும். 2 மைக்ரோமோலார் மனித அல்புமின் கரைசல் அரை மில்லிலிட்டரில் இருப்பது ஒரு நானோமோல், ஏறத்தாழ 66 மைக்ரோகிராம் புரதம். அல்புமினுக்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை. அது மலிவாகவே கிடைக்கும். பாக்டீரியாவில் உருவாக்கி, தூய்மைப்படுத்தி, அரும்பாடுபட்டு எடுத்த ஒரு நொதியை அளப்பவருக்குத்தான் இது பெரும் சேமிப்பு. ஆனால் கொள்ளளவு குறையக் குறைய நீர்த்தல் பிழை கூடும். அரை மில்லிலிட்டரில் 2 மைக்ரோலிட்டர் வீதம் பத்து முறை சேர்த்தால் கொள்ளளவு 4 விழுக்காடு கூடிவிடும். அதைக் கணக்கில் திருத்தியாக வேண்டும். சேர்மம் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைக்கப்பட்டிருந்தால் அந்தக் கரைப்பானும் அதே 4 விழுக்காட்டுக்கு ஏறும், இது பல புரதங்களுக்கு ஒவ்வாது. நான் கரைசல் கிடைக்கும்போதெல்லாம் 2 மில்லிலிட்டரே எடுக்கிறேன்.

விற்பனைக் கையேடு முதற்பக்கத்தில் பெருமையாகச் சொல்வது நிமிடத்துக்கு 24,000 நானோமீட்டர் வேகம். பிணைப்பு ஆய்வுக்கு இதனால் பயன் எதுவும் இல்லை. அந்த வேகத்தில் விநாடிக்கு 400 நானோமீட்டர் கடக்கிறது. விளக்கோ விநாடிக்கு 80 முறைதான் தெறிக்கிறது. ஆக 5 நானோமீட்டருக்கு ஒரு புள்ளி, அதுவும் ஒரே தெறிப்பில் அளந்தது. தெறிப்புக்குத் தெறிப்பு ஒளியின் அளவு மாறும் என்பதால், மேற்கோள் உணரி அதைச் சரிசெய்தாலும், பல தெறிப்புகளைச் சராசரி எடுப்பதே முறை. ஒரு புள்ளிக்கு 0.1 விநாடி கொடுத்தால் 8 தெறிப்புகள், 0.5 விநாடி கொடுத்தால் 40 தெறிப்புகள். 300 முதல் 450 நானோமீட்டர் வரை ஒரு நானோமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அரை விநாடி கொடுத்து அளந்தாலும் ஒரு நிறமாலைக்கு ஒன்றேகால் நிமிடம்தான் ஆகும். இந்த நிதானத்தில் வரும் வரைகோடு வழவழப்பாக, பின்னாலிருந்து செயற்கையாக மழுங்கடிக்கத் தேவையின்றி வரும். வேகமாக அளந்துவிட்டு மென்பொருளின் ஸ்மூதிங் வசதியால் அழகுபடுத்துவது கெட்ட பழக்கம்.

ஒளிப்பெருக்கிக் குழாயின் மின்னழுத்தத்தைத் தாழ்வு, நடுத்தரம், உயர்வு என்று தேர்ந்தெடுக்கலாம். வேண்டுமானால் எண்ணாகவும் கொடுக்கலாம். கிடைக்கும் ஒளிர்வின் அலகு தன்னிச்சையானது, 1000-ஐத் தொட்டால் நிறைவெல்லை. சேர்மம் சேர்ப்பதற்கு முன் உள்ள புரதத்தின் உச்சத்தை 600, 700 அளவில் நிறுத்திக்கொண்டு, அதன்பின் மின்னழுத்தத்தையோ, ஒளி கடக்கும் பிளவான ஸ்லிட்டின் அகலத்தையோ தொடாமல் தரம்பார்த்தலை முடிக்க வேண்டும். ஸ்லிட் அகலங்கள் 1.5 முதல் 20 நானோமீட்டர் வரை சில நிலையான அளவுகளில் மட்டுமே கிடைக்கும். இடைப்பட்ட அளவு கிடைக்காதது சிலருக்குக் குறையாகப் படலாம். புரதத்தின் அகன்ற உமிழ்வுக்கு 5 நானோமீட்டரே பெரும்பாலும் சரியாக இருப்பதால் எனக்கு இடைஞ்சல் தோன்றவில்லை.

இந்தக் கருவிகளின் உணர்திறனை எல்லா நிறுவனங்களும் தண்ணீரைக் கொண்டே சொல்கின்றன. தூய நீரில் 350 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தினால் 397 நானோமீட்டரில் ஒரு சிறு முகடு எழும். அந்த முகடு இரைச்சலைப் போல் எத்தனை மடங்கு என்பதே அளவுகோல். அது நீரின் இராமன் சிதறல், அதாவது நீரில் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறி வருவது. 1923-இல் கல்கத்தாவில் இராமனின் மாணவர் கே.ஆர். இராமநாதன் நீரில் கண்ட இந்த மங்கலான ஒளியை வலுக்குறைந்த ஒளிர்வு என்றே எண்ணினர். அது ஒளிர்வு அல்ல, புதுவகைச் சிதறல் என்பதை 1928-இல் இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் நிறுவினர். அந்தப் பழைய மயக்கம் இன்றும் குவெட்டுக்குள் நடக்கிறது. 280 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் நீரின் இராமன் முகடு 310 நானோமீட்டர் அருகில் வரும். 295-இல் கிளர்வூட்டினால் 328 நானோமீட்டர் அருகில், டிரிப்டோஃபன் உமிழ்வின் தோள்மேலேயே ஏறி உட்காரும். புரதச் செறிவு குறைவாக இருந்து தணிப்பும் மிகுதியாக இருந்தால், கடைசி அளவீடுகளில் உச்சம் நீல நிறப்பக்கம் நகர்ந்ததுபோல் தெரியும். அந்த நகர்வைக் கொண்டு டிரிப்டோஃபனின் சூழல் நீர்வெறுப்புடையதாக மாறிவிட்டது என்று எழுதுவோர் உண்டு. தாங்கல் கரைசலை மட்டும் அதே அமைப்பில் அளந்து கழித்தால் பாதி நகர்வு காணாமல் போகும். கேரி எக்லிப்ஸின் மென்பொருளில் இந்தக் கழித்தல் எளிது. ஆனால் செய்யச் சொல்லி அது நினைவூட்டாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தணிப்பு அளவீட்டில் மிகுதியாகப் பிழை நுழையும் வாயில், சேர்மமே ஒளியை உட்கவர்வது. குவெட்டுக்குள் நுழையும் கிளர்வு ஒளியின் ஒரு பகுதியைச் சேர்மம் விழுங்கிவிடுகிறது. புரதம் உமிழும் ஒளியிலும் ஒரு பகுதியை வெளியேறும் வழியில் விழுங்குகிறது. இதற்குத்தான் இன்னர் ஃபில்டர் விளைவு என்று பெயர். நமக்கு முன்னால் நிற்பவரின் தலை மறைப்பதால் மேடை விளக்கு மங்கிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆய்வுக்கட்டுரைகளில் மட்டும் அதைச் சொல்லத் தயங்குவதில்லை. குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளும், மஞ்சளிலுள்ள குர்க்குமினும் நிறமுள்ள சேர்மங்கள். 300 முதல் 400 நானோமீட்டர் வரை இவை கணிசமாக ஒளியை உட்கவரும். அல்புமினோடு சேர்த்து மிகுதியாக ஆராயப்படுபவையும் இவைதாம்.

எண்ணிக்கையில் பார்த்தால் விளைவின் அளவு திகைக்க வைக்கும். வழக்கமான திருத்தச் சூத்திரம், கிளர்வு அலைநீளத்திலும் உமிழ்வு அலைநீளத்திலும் உள்ள உட்கவர்திறன்களைக் கூட்டி, இரண்டால் வகுத்து, பத்தின் அடுக்காக எடுத்து, அளந்த ஒளிர்வோடு பெருக்குவது. இரண்டு அலைநீளங்களிலும் உட்கவர்திறன் 0.2 என்று வைத்துக்கொண்டால், திருத்தக் காரணி 1.58, அதாவது எந்தப் பிணைப்பும் நிகழாமலேயே ஒளிர்வு 37 விழுக்காடு குறைந்திருக்கும். உட்கவர்திறன் 0.1-க்குள் இருந்தால் கவலை வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு இடங்களிலும் 0.05 வீதம் இருந்தாலே 11 விழுக்காடு குறைவு வந்துவிடுகிறது. சேர்மத்தின் செறிவு கூடக்கூட இந்தக் குறைவும் ஒழுங்காகக் கூடுவதால், ஒளிர்வு எத்தனை மடங்கு குறைந்தது என்பதைச் சேர்மத்தின் செறிவுக்கு எதிராக வரையும் ஸ்டெர்ன்–வோல்மர் வரைபடம் ஏறத்தாழ நேர்கோடாகவே வரும். ஆய்வாளருக்கு ஐயமே எழாது.

கேரி எக்லிப்ஸ் ஒளிர்வை அளக்கும் கருவி. உட்கவர்திறனை அளந்து ஒளிர்வைத் தானே திருத்தித் தரும் அமைப்பு அதில் இல்லை. எனவே தரம்பார்த்தலின் ஒவ்வொரு படியிலும் அதே கரைசலைப் புறஊதா–கட்புல நிறமாலைமானிக்கு எடுத்துச் சென்று உட்கவர்திறனை அளக்க வேண்டும். மூடியைத் திறந்தபடியே அளக்கும் வசதி இங்கு பாதி வீணாகிறது. இதற்கு மாற்றாக, ஒளிர்வுத் தரம்பார்த்தலை முடித்தபின் அதே செறிவுகளை மற்றக் கருவியில் தனியாக ஒருமுறை மீண்டும் உருவாக்கி அளக்கலாம். ஒளிர்வையும் உட்கவர்திறனையும் ஒரே நேரத்தில் ஒரே குவெட்டில் அளக்கும் கருவிகள் சந்தையில் உள்ளன. ஹொரிபா நிறுவனத்தின் அக்வாலாக், டூயட்டா ஆகியவை அவ்வகை. நிறமுள்ள சேர்மங்களையே தொடர்ந்து ஆராயும் ஆய்வகம், கேரி எக்லிப்ஸுக்கு முன் அவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

திருத்தச் சூத்திரமும் ஓர் எல்லை வரைக்கும்தான் சரியாகச் செல்லும். ஒளிர்வு குவெட்டின் நட்டநடுவிலிருந்து வருவதாக அது எண்ணிக்கொள்கிறது. ஆகவே நான் மூன்று வழிகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். 295 நானோமீட்டரில் கிளர்வூட்டுவது, 3 மில்லிமீட்டர் ஒளிப்பாதையுள்ள குவெட்டுக்கு மாறுவது ஆகிய இரண்டும் விளைவைக் குறைக்கும். மூன்றாவது வழி என்-அசிட்டைல்டிரிப்டோஃபனமைடு. இது புரதம் அல்லாத, ஆனால் டிரிப்டோஃபனைப் போலவே ஒளிரும் சிறு மூலக்கூறு. பிணைப்பதற்கென்று தளம் எதுவும் இதற்குக் கிடையாது. புரதம் இருக்க வேண்டிய இடத்தில் இதை வைத்து, அதே ஒளிர்வளவில் தொடங்கி, அதே சேர்மத்தை அதே செறிவுகளில் சேர்த்துப் பார்த்தால், ஒளிர்வு குறைவது முழுவதும் உட்கவர்தலாலும் மோதலாலும் மட்டுமே. புரதத்தில் கண்ட குறைவு இதைவிடப் பெரிதாக இல்லையென்றால், பிணைப்பு மாறிலி எதையும் எழுதாமல் தாளை மூடிவிடலாம். ஒரு மணி நேரம் கூடுதலாகும் இந்தச் சோதனையைச் செய்யாத தரவை என் மாணவர்களிடமிருந்து நான் ஏற்பதில்லை.

இந்தக் கருவியால் செய்யவே முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தணிப்பு இருவகை: புரதமும் சேர்மமும் முன்கூட்டியே பிணைந்து ஒளிராத இணைவாக மாறுவது நிலைத் தணிப்பு, கிளர்வுற்ற டிரிப்டோஃபனோடு சேர்மம் மோதி ஒளிர்வைப் பறிப்பது மோதல் தணிப்பு. பிணைப்பைக் காட்டுவது முன்னதுதான். இரண்டையும் பிரித்தறிய நேரடி வழி ஒளிர்வின் வாழ்நாளை அளப்பது. மோதலால் வாழ்நாள் குறையும், நிலைத் தணிப்பில் மாறாது. டிரிப்டோஃபனின் வாழ்நாள் சில நானோவிநாடிகள். கேரி எக்லிப்ஸின் தெறிப்பே மைக்ரோவிநாடிக் கணக்கில் நீடிப்பதால், அதன் வாழ்நாள் அளவீட்டு வசதி நின்றொளிர்தலுக்கும் லாந்தனைடு அயனிகளின் நீண்ட ஒளிர்வுக்குமே பயன்படும். நானோவிநாடி வாழ்நாளுக்கு ஒற்றை ஃபோட்டான் எண்ணும் கருவி வேண்டும்.

வாழ்நாளை அளக்காதவர்கள் சுற்றுவழியில் செல்கிறார்கள். ஸ்டெர்ன்–வோல்மர் மாறிலியை, அதாவது அந்த வரைபடக் கோட்டின் சாய்வை, வாழ்நாளால் வகுத்து, வரும் எண் மோதலுக்கு உச்ச எல்லையாகக் கொள்ளப்படும் 2 × 10^10-ஐ, ஒரு மோலாருக்கு ஒரு விநாடிக்கு என்னும் அலகில், தாண்டினால் நிலைத் தணிப்பு என்று முடிவு செய்வார்கள். மாறிலி 5 × 10^4, வாழ்நாள் 5 நானோவிநாடி என்றால் விடை 10^13. எல்லையைவிட ஐந்நூறு மடங்கு. இந்த வாதம் தவறில்லை, ஆனால் அந்த 5 × 10^4 என்னும் எண் இன்னர் ஃபில்டர் விளைவிலிருந்து பிறந்ததாக இருந்தாலும் விடை அப்படியேதான் வரும். திருத்தாத தரவின்மேல் இந்த வாதத்தைக் கட்டி எழுப்பியிருப்பதைக் கண்டால், மதிப்புரைக்கு வரும் கட்டுரையை நான் அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவேன்.

பிணைப்பு மாறிலியைக் கணக்கிடும்போது, தரவை சிஎஸ்வி கோப்பாக எடுத்து வெளியில் வைத்துப் பொருத்துவதே சிறந்தது. இரட்டை மடக்கை வரைபடத்தில் சேர்த்த மொத்தச் செறிவையே கட்டற்ற செறிவாக, அதாவது புரதத்தோடு பிணையாமல் இருக்கும் சேர்மத்தின் செறிவாக, எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பிரிகை மாறிலி 0.5 மைக்ரோமோலார், புரதம் 2 மைக்ரோமோலார், சேர்மமும் 2 மைக்ரோமோலார் என்று கொண்டால், இருபடிச் சமன்பாட்டின்படி 1.22 மைக்ரோமோலார் சேர்மம் பிணைந்துவிடும். கட்டற்று இருப்பது 0.78 மட்டுமே. அதை 2 என்று எடுத்துக்கொள்வது இரண்டரை மடங்குப் பிழை. இருபடிச் சமன்பாட்டைப் பொருத்துவதற்கு விரிதாளில் உள்ள சால்வர் வசதியே போதும், சிறப்பு மென்பொருள் தேவையில்லை.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் கேரி எக்லிப்ஸ் நன்றாகவே இயங்குகிறது. நான்கு குவெட்டுகளைத் தாங்கும் பெல்டியர் அமைப்பைத் துணைக்கருவியாக வாங்கினால், ஒரு குவெட்டில் புரதமும் சேர்மமும், இன்னொன்றில் தாங்கல் கரைசல், மூன்றாவதில் முன்சொன்ன கட்டுப்பாட்டு மூலக்கூறு என்று வைத்து ஒரே ஓட்டத்தில் அளக்கலாம். தாங்கியின் வெப்பநிலையும் குவெட்டுக்குள் உள்ள வெப்பநிலையும் ஒன்றல்ல என்பதால், கரைசலுக்குள் முனை வைத்து அளக்கும் உணரியையும் சேர்த்து வாங்க வேண்டும். வெப்பநிலை ஏறும்போது டிரிப்டோஃபனின் ஒளிர்வு தானாகவே குறையும். ஆகவே ஒவ்வொரு வெப்பநிலையிலும் சேர்மமற்ற புரதத்தின் அளவைத் தனியே எடுத்தாக வேண்டும். 298, 304, 310 கெல்வின் என்று மூன்றே புள்ளிகளில், பிணைப்பு மாறிலி வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் வாண்ட் ஹாஃப் கோட்டை வரைந்து, என்தால்பியின் குறியைப் பார்த்து, ராஸும் சுப்ரமணியனும் 1981-இல் சொன்ன விதிகளின்படி ஹைட்ரஜன் பிணைப்பு, நீர்வெறுப்பு விசை என்று தீர்ப்பெழுதுவதைக் கருவியின்மேல் பழியாகச் சுமத்த முடியாது. என்தால்பி உண்மையிலேயே தேவையென்றால், பிணைப்பின் வெப்பத்தை நேரடியாக அளக்கும் சமவெப்ப வெப்ப அளவி இருக்கிறது.

புரதத்தின் சொந்த ஒளிர்வை விட்டு வேறு வழிகளிலும் இதைப் பயன்படுத்தலாம். ஏ.என்.எஸ். சாயம் நீரில் ஏறக்குறைய ஒளிராது, புரதத்தின் நீர்வெறுப்புக் குழியில் அமர்ந்ததும் பளிச்சென ஒளிரும். அந்தச் சாயத்தைச் சேர்மம் வெளியேற்றுகிறதா என்று பார்ப்பதற்கு இந்தக் கருவியின் உணர்திறன் தாராளம். ஒளிர்வு முனைவாக்க அளவீட்டுக்குத் தானியங்கி முனைவாக்கிகள் துணைக்கருவியாகக் கிடைக்கும். நானோமோலார் செறிவில் முனைவாக்கத்தை அளக்க வேண்டியவர்களுக்கு மட்டும், ஃபோட்டான்களை எண்ணும் ஹொரிபா ஃபுளோரோமாக்ஸ் போன்ற கருவியே ஏற்றது. நானோவிநாடி வாழ்நாள் அளவீட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளும் வழி உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். மென்பொருள் ஸ்கேன், கைனெட்டிக்ஸ், தெர்மல் எனத் தனித்தனிச் செயலிகளாகப் பிரிந்திருப்பது தொடக்கத்தில் குழப்பும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நல்ல புறஊதா–கட்புல நிறமாலைமானி ஒன்று ஏற்கெனவே அறையில் இருக்கும் ஆய்வகத்துக்கு இதை வாங்கப் பரிந்துரைக்கிறேன். அது இல்லாத ஆய்வகம் முதலில் அதை வாங்கட்டும். விலைப்பட்டியல் கேட்கும்போது பெல்டியர் தாங்கியும், வெப்பநிலை உணரியும், நான்கு பக்கமும் தெளிவான குவார்ட்ஸ் குவெட்டுகளும், 3 மில்லிமீட்டர் குவெட்டும் அடிப்படை விலைக்குள் அடங்குகின்றனவா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். கருவியை மட்டும் வாங்கிவிட்டு இவற்றுக்காக அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்கும் நிலை பொதுவானது. நிறுவும் நாளில் பொறியாளர் நீரின் இராமன் முகட்டை அளந்து காட்டி, விவரக்குறிப்புக்குள் இருக்கிறது என்று கையெழுத்து கேட்பார். கையெழுத்திடும் முன், நீங்கள் ஆராயப்போகும் சேர்மத்தையும் என்-அசிட்டைல்டிரிப்டோஃபனமைடையும் கொண்டு ஒரு முழுத் தரம்பார்த்தலை அவர் முன்னிலையிலேயே ஓட்டிப் பார்த்து, அந்தக் கோப்பையும் முதல் நாளின் இராமன் அளவையும் சேர்த்துச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் விளக்கோ ஒளிப்பெருக்கிக் குழாயோ தளர்ந்திருக்கிறதா என்ற ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவையே உதவும்.